20 முதல் 26 கிராம் வரை: பல்லை நகர்த்தும் விசையும் தடைபடும் இரத்த ஓட்டமும் – ஓர் எண்ணின் வரலாறு

பல் மருத்துவம் பயிலும் மாணவரிடம், ஒரு பல்லை நகர்த்துவதற்கு உகந்த விசை எவ்வளவு என்று வினவினால் பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கும்: வேரின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 20 முதல் 26 கிராம் வரை. இந்தியாவில் பயன்படும் பற்சீரமைப்புப் பாடநூல்களில் இவ்விடை பதிப்புக்குப் பதிப்பு தொடர்ந்து இடம்பெறுகிறது, தேர்வுகளிலும் கேட்கப்படுகிறது. அது எதை அளந்து பெறப்பட்ட எண், யார் எப்போது சொன்னது, பின்னாளைய ஆய்வுகளுக்கு முன் எந்த அளவு நின்றது என்னும் கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. அவ்வெண்ணின் வரலாறு உண்மையில் பல்லைப் பற்றியது அன்று. பல்லைச் சூழ்ந்திருக்கும் மயிரிழை அகலமுள்ள ஒரு திசுவில் ஓடும் இரத்தத்தைப் பற்றியது.

பல் எலும்பினுள் ஆணிபோல் அறையப்பட்டிருப்பதில்லை. வேருக்கும் அதைத் தாங்கும் பற்குழி எலும்புக்கும் இடையில் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இடுக்கு இருக்கிறது. அதனுள் கொல்லாஜன் நார்கள், பலவகைச் செல்கள், நரம்பு நுனிகள், திசுநீர், இரத்த நாளங்கள் ஆகியவை அடர்ந்துள்ளன. இதுவே பல்சூழ் இணைநார். இதற்கு இரத்தம் மூன்று திசைகளிலிருந்து வருகிறது: வேர்நுனியிலிருந்து, ஈறிலிருந்து, பற்குழிச் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே எலும்பு மச்சையிலிருந்து. கம்பியோ வில்சுருளோ பல்லைத் தள்ளும்போது வேர் ஒரு பக்கச் சுவரை நோக்கிச் சாய்கிறது. அப்பக்கத்து இடுக்கு சுருங்குகிறது. எதிர்ப்பக்கத்து நார்கள் இழுபடுகின்றன. சுருங்கும் இடுக்கினுள் அகப்பட்ட நாளங்களுக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி. இருநூறு ஆண்டுகளாகப் பல்லை நகர்த்தி வந்தவர்களுக்கு இப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாது என்பதிலிருந்து வரலாறு தொடங்குகிறது.

பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட பெருநூலில், உலோகப் பட்டையையும் நூலிழையையும் கொண்டு வரிசை தப்பிய பற்களை ஒழுங்குபடுத்தும் முறை விவரிக்கப்பட்டது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனின் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், உடலின் பகுதிகளுக்கு, சிறப்பாக எலும்புப் பகுதிகளுக்கு, அழுத்தத்தின் வழியிலிருந்து விலகிச் செல்லும் ஆற்றல் உண்டு என்று கருதினார். பற்கள் ஒழுங்கிழப்பதற்குக் காரணமான அவ்வாற்றலையே அவற்றை ஒழுங்குபடுத்தவும் பயன்படுத்தலாம் என்றார். விலகுவது எப்படி என்பதை அவர் கூறவில்லை. நுண்ணோக்கியின்கீழ் வெட்டுத்துண்டுகளை வைத்துப் பார்க்கும் திசுவியல் அப்போது துறையாக உருவாகியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நார்மன் கிங்ஸ்லியும் ஜான் நட்டிங் ஃபாரரும் ஒரு விளக்கம் தந்தனர். எலும்பு மீள்தன்மை உடையது, விசைக்கு அது வளைந்து கொடுக்கிறது, பல் நகர்கிறது. ஃபாரர் இதில் ஒரு படி மேலே சென்றார். திருகாணி பொருத்திய கருவியைக் காலையில் ஓர் அங்குலத்தில் 240-இல் ஒரு பங்கும் மாலையில் மீண்டும் அதே அளவும் மட்டுமே திருக வேண்டும் என்று அவர் வரையறுத்தார். அது ஒரு முறைக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். இந்த எல்லைக்குள் நிகழும் மாற்றம் உடலியல்பானது, எல்லை மீறினால் அது நோயாகிவிடும் என்பது அவருடைய துணிபு. திசுவைப் பார்க்காமலேயே, நோயாளியின் வலியையும் பல்லின் நடத்தையையும் கவனித்துப் பெற்ற முடிவு அது. உடல் தாங்கும் விசைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதை எண்ணாகச் சொல்ல முடியும் என்ற எண்ணம் இங்கே வேர்கொள்கிறது.

திசுவை நேரில் பார்த்தவர் சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட். 1901 முதல் 1905 வரை வெளியான அவருடைய எழுத்துகளே இத்துறையின் முதல் முறையான திசுவியல் ஆய்வு. நாய்களின் முன்பற்களை மூன்று வாரம் கருவிகொண்டு நகர்த்தி, பின்னர் தாடையை மெல்லிய சீவல்களாக வெட்டி அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். இழுவிசை விழுந்த பக்கத்தில் புதிய எலும்பு படிந்திருந்தது. அழுத்தம் விழுந்த பக்கத்தில், விசை மென்மையாக இருந்த இடங்களில், பற்குழிச் சுவரின் முகப்பை எலும்பு சிதைக்கும் பெருஞ்செல்கள் நேராக அரித்திருந்தன. விசை கடுமையாக இருந்த இடங்களில் காட்சி வேறாக இருந்தது. இணைநார் நசுங்கியிருந்தது; நாளங்களில் இரத்தம் உறைந்திருந்தது; செல்கள் மறைந்திருந்தன; திசு முழுவதும் ஒருபடித்தாய், கண்ணாடி போன்ற பளபளப்புடன் தெரிந்தது. அங்கே பற்குழிச் சுவரின் முகப்பில் அரிப்பே இல்லை. மாறாக, சுவரின் பின்னாலிருந்து, எலும்பு மச்சையின் பக்கத்திலிருந்து, செல்கள் குடைந்து வந்து கொண்டிருந்தன.

இவ்விரு நிகழ்வுகளுக்கு அவர் வழங்கிய பெயர்களும் இன்றுவரை நிலைத்துள்ளன. கண்ணாடித் தோற்றத்துக்கு அவர் இட்ட பெயர் ஹயலினாக்கம். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய நோய்க்கூற்றியலில் ஒளி ஊடுருவும் ஒருபடித்தான பொருள்களுக்கெல்லாம் வழங்கியது. பின்னாலிருந்து நிகழும் அரிப்புக்கு வழங்கிய பெயர் அடிக்குடைவு. கோட்டை முற்றுகையில் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டிச் சுவரை வீழ்த்தும் உத்தியைக் குறிக்கும் உருவகம் அது. முன்வாயில் அடைபட்டபின் கன்னம் வைத்து உட்புகுவதைப் போல என்று தமிழில் சொல்லலாம்.

இரு சொற்களில் முன்னது தோற்றத்தை மட்டும் சொல்கிறது, பின்னது நிகழ்வைச் சொல்கிறது. ஹயலினாக்கம் என்ற சொல்லைக் கேட்கும் மாணவர் ஏதோ ஒரு பொருள் உருவாகிறது என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் அங்கே உருவாவது எதுவுமில்லை. இரத்தம் நின்றதால் செல்கள் மடிந்து, நார்கள் நசுங்கி, திசு தன் அமைப்பை இழந்திருக்கிறது. திசு மடிவு என்று பெயரிட்டிருந்தால் மருத்துவர்கள் எளிதில் ஏற்றிருக்க மாட்டார்கள். கண்ணாடி என்னும் உருவகம் அந்தக் கடுமையை மறைத்துக் கொடுத்தது.

சாண்ட்ஸ்டெட்டின் ஆய்வு உரிய கவனத்தைப் பெறச் சில பத்தாண்டுகள் ஆயின. அது சுவீடிஷ் மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் இருந்தது. துறையின் தொழில்முறை மையமோ எட்வர்ட் ஆங்கிள் கோலோச்சிய அமெரிக்கா. அங்கே செல்வாக்குப் பெற்றது வியன்னாவின் ஆல்பின் ஓப்பன்ஹைம் 1911-இல் வெளியிட்ட குரங்குப் பற்களின் ஆய்வு. அது உடனடியாக ஆங்கிலத்திலும் வந்தது. மிக மென்மையான விசையில் எலும்பு முழுவதுமே தன் கட்டமைப்பை மாற்றிக்கொண்டு பல்லுக்கு வழிவிடுகிறது என்று ஓப்பன்ஹைம் கண்டார். கடும் விசையில் நாளங்கள் நசுங்குவதை அவரும் எச்சரித்தார். மென்மையான, விட்டுவிட்டுச் செலுத்தப்படும் விசையே இயற்கைக்கு உகந்தது என்பது அவர் வாழ்நாள் முழுதும் விடாமல் வலியுறுத்திய கொள்கை.

1927-இல் இவ்விவாதத்துக்கு அவசரம் வந்தது. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கெச்சம், சிகிச்சை பெற்றவர்களின் பற்களை எக்ஸ்-கதிர்ப் படங்களில் ஆராய்ந்து, வேர்நுனிகள் கரைந்து குட்டையாகியிருப்பதை அறிவித்தார். அழகாக வரிசைப்பட்ட பற்களின் அடியில் வேர் தேய்ந்திருந்தது. எலும்பு கரைந்தால் மீண்டும் படியும்; குட்டையான வேர் மீண்டும் வளர்வதில்லை. எவ்வளவு விசை என்னும் வினா அதன்பின் வசதியைப் பற்றியதாக இல்லாமல் தீங்கைப் பற்றியதாக மாறிற்று.

இந்தச் சூழலில்தான் 1932-இல் வியன்னாவின் ஏ. மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் தம் கட்டுரையை வெளியிட்டார். அப்போது வியன்னா பல் திசுவியலின் தலைநகரம். பெர்ன்ஹார்ட் காட்லீபும் பாலின்ட் ஓர்பனும் மிகை விசை பல்சூழ் திசுக்களில் உண்டாக்கும் மாற்றங்களைப் பற்றிய நூலை அதற்கு முந்தைய ஆண்டில்தான் வெளியிட்டிருந்தனர். ஷ்வார்ட்ஸ் நாயின் பற்களில் வெவ்வேறு அளவு விசை தரும் மெல்லிய கம்பிச் சுருள்களைப் பொருத்தி விளைவுகளை ஒப்பிட்டார். சாண்ட்ஸ்டெட்டின் கண்டுபிடிப்பை மீண்டும் நிலைநாட்டினார். விசையின் விளைவை நான்கு படிகளாகப் பகுத்தார். முதற்படியில் விசை மிகக் குறைவு, திசு எதிர்வினையே காட்டாது. இரண்டாம் படியில் விசை தந்துகிகளின் இரத்த அழுத்தத்தைவிடக் குறைவு. எலும்பு சீராகக் கரையும், வேர் பாதுகாப்பாக இருக்கும். மூன்றாம் படியில் விசை அந்த எல்லையைத் தாண்டுகிறது. இரத்தம் நிற்கும், திசு மடியும், அடிக்குடைவு நிகழும், வேரும் கரையலாம். நான்காம் படியில் இணைநார் முற்றிலும் நசுங்கி, வேரும் எலும்பும் ஒன்றையொன்று தொடும்.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையிலான எல்லைக்கே அவர் எண்ணிட்டார். மனிதரிலும் பெரும்பாலான பாலூட்டிகளிலும் தந்துகி அழுத்தம் 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசம். ஆகவே உகந்த விசை சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரை என்றார்.

இந்த ‘ஆகவே’தான் கவனிக்கத்தக்கது. பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு எடையுள்ளது. ஒரு சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்பின்மீது 15 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாதரசம் நின்றால் அதன் எடை 20.4 கிராம், 20 மில்லிமீட்டர் நின்றால் 27.2 கிராம். 20 என்பதும் 26 என்பதும் பல்லில் அளந்து பெற்றவை அல்ல, ஓர் அலகை மற்றோர் அலகாக மாற்றியதால் கிடைத்தவை. மேல் எல்லை 27 ஆகாமல் 26-இல் நின்றதுகூடக் கணக்கின் தளர்ச்சிதான். ஆனால் அந்தத் தளர்ந்த 26 தொண்ணூறு ஆண்டுகளாக மாற்றமின்றி எழுதப்பட்டு வருகிறது.

தந்துகி அழுத்தம் அப்போது உடலியலில் பேசப்பட்ட புதிய பொருள். தந்துகிகளின் இயக்க ஒழுங்குமுறையைக் கண்டறிந்ததற்காக டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் 1920-இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். யூஜின் லாண்டிஸ் நுண்ணிய கண்ணாடிக் குழலைத் தவளையின் தந்துகிக்குள்ளேயே செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். 1930-இல் மனிதரின் நகமடிப்புத் தோலிலும் அதைச் செய்தார். தமனிப் பக்கத்தில் 32, நடுவளைவில் 20, சிரைப் பக்கத்தில் 12 மில்லிமீட்டர் பாதரசம் என்பவை அவர் பெற்ற சராசரிகள். ஒரே தந்துகியின் இரு முனைகளுக்கிடையே இத்தனை வேறுபாடு. பல்சூழ் இணைநாரில் எவரும் அன்று அப்படி அளந்திருக்கவில்லை. உடலின் வேறோர் இடத்துக்குரிய மதிப்பு, வேறொரு நிலையில் பெற்றது, பல்லின் வேருக்கு வரம்பாக அமைந்தது.

பின்னாளில் சொல்லும் பிறழ்ந்தது. சில பாடநூல்களில் இது தந்துகித் துடிப்பழுத்தம் என்று வழங்குகிறது. ஷ்வார்ட்ஸ் பேசியது தந்துகியின் இரத்த அழுத்தம். துடிப்பழுத்தம் என்பது இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் உள்ள அழுத்தங்களின் வேறுபாடு; இரத்தம் தந்துகிகளை அடையும்போது அந்த ஏற்றத்தாழ்வு பெரிதும் தணிந்துவிடுகிறது. ஒரு சொல் கூடியதில் கருத்தே வேறாகிவிட்டது. எண் மட்டும் அப்படியே இருக்கிறது. மூலத்துக்குச் செல்லாமல் மேற்கோளிலிருந்து மேற்கோள் எடுக்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

வியன்னாவின் அந்த அறிவுச் சூழல் நெடுநாள் நீடிக்கவில்லை. 1938-இல் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டபின் யூதரான காட்லீப் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இறுதியில் அவர் அமெரிக்காவின் டெக்சாஸில் பணியாற்றினார். ஆய்வகம் கலைந்தது. ஆங்கிலத்தில் ஏற்கெனவே பதிவாகியிருந்த எண் நிலைத்தது.

எண்ணை முதலில் அசைத்தவர் நார்வேயின் கோரே ரைட்டான். 1951-இல் வெளிவந்த அவருடைய ஆய்வேட்டின் வலிமை அதன் சான்றுப்பொருளில் இருந்தது: விலங்குகளோடு நில்லாமல், எப்படியும் பிடுங்கப்படவிருந்த மனித முன்கடைவாய்ப் பற்களையும் அவர் நகர்த்தி ஆராய்ந்தார். மிக மென்மையான விசையிலும் செல்லற்ற பகுதிகள் தோன்றுகின்றன என்று அவர் கண்டார். காரணம் எளியது. விசையைப் பரப்பால் வகுத்தால் சராசரி அழுத்தம் கிடைக்கும். ஆனால் திசு சராசரியை உணர்வதில்லை. பல் சாயும்போது பற்குழியின் விளிம்பிலும் வேர்நுனியிலும் அழுத்தம் குவிகிறது. எலும்புச் சுவர் மேடுபள்ளமானது. ஒரு சிறு மேட்டின் எதிரே உள்ள நாளம் அடைபடுவதற்குக் கம்பியின் மொத்த விசை சிறிதாக இருப்பது தடையில்லை. மென்மையான விசையில் செல்லற்ற பகுதி சிறிதாகவும் குறுகிய காலத்துக்கும் இருக்கும், கடும் விசையில் பெரிதாகவும் நீண்ட காலத்துக்கும் இருக்கும். இரண்டுக்கும் இடையே ஷ்வார்ட்ஸ் வரைந்தது போன்ற கூர்மையான கோடு இல்லை.

அடுத்த ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஸ்டோரியும் ஸ்மித்தும் மற்றொரு முடிவை வெளியிட்டனர். கோரைப்பல்லை நகர்த்துவதற்கு 150 முதல் 200 கிராம் வரையிலான விசை மிகுந்த பயன் தருகிறது. அதற்கு மேல் போனால் கோரைப்பல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, அதற்கு நங்கூரமாக நிறுத்திய பின்பற்களே முன்னோக்கி நகர்கின்றன. மிகை விசை வேகத்தைக் கூட்டாது, நிறுத்திவிடும் என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. அடிலெய்டின் ரேமண்ட் பெக் தம் சிகிச்சை முறைக்கு இதைக் கோட்பாட்டுத் துணையாகக் கொண்டார். ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மேல்தாடைக் கோரைப்பல்லின் வேர்ப்பரப்பு சுமார் 2.7 சதுர சென்டிமீட்டர். 150 கிராமை அந்தப் பரப்பு முழுவதும் சமமாகத் தாங்குகிறது என்று மிகத் தாராளமாகக் கொண்டாலும் சதுர சென்டிமீட்டருக்கு 55 கிராமுக்கு மேல் வருகிறது. உண்மையில் அழுத்தம் ஒரு பக்கத்தில் மட்டுமே விழுவதால் அது இன்னும் கூடுதல். ஷ்வார்ட்ஸின் வரம்பைப்போல் இருமடங்குக்கும் அதிகமான விசையில் பல் நன்றாக நகர்கிறது. பல பாடநூல்களில் இவ்விரு எண்களும் அடுத்தடுத்த பத்திகளில் அமைதியாகக் குடியிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை மறுக்கிறது என்பதை அவை சுட்டுவதில்லை.

1960-களில் கேள்வியே வேறு கோணத்துக்குத் திரும்பியது. 1966-இல் பியென், இணைநாரை நசுங்கும் மெத்தையாகக் காணாமல் திரவங்கள் நிறைந்த ஓர் அமைப்பாகக் கண்டார். நாளங்களுக்குள் இரத்தம், வெளியே திசுநீர், நார்களும் செல்களும் ஆகிய மூன்றும் சேர்ந்து விசையைத் தணிக்கின்றன. இழுபட்ட நார்களின் இடையே நாளம் ஓரிடத்தில் இறுகும்போது அதற்கு அப்பால் அது குமிழிபோல் புடைக்கும், அங்கிருந்து வாயு நுண்குமிழ்களாகத் திசுநீருக்குள் கசியும் என்பது அவருடைய கருத்து. 1969-இல் பவும்ரின்ட் இன்னும் அடிப்படையான ஐயத்தை எழுப்பினார். இணைநார் தொடர்ச்சியான திரவ அமைப்பு எனில் பாஸ்கல் விதிப்படி அழுத்தம் எங்கும் சமமாகப் பரவ வேண்டும். ஒரு பக்கம் அழுத்தம், மறுபக்கம் இழுவிசை என்னும் பிரிவினைக்கே இடமெங்கே? எலிகளில் அவர் செய்த ஆய்வு எலும்பின் வளைவுக்கு முதன்மை தந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குமுன் கிங்ஸ்லியும் ஃபாரரும் ஊகித்த எலும்பு வளைவுக் கொள்கை புதிய வடிவில் திரும்பி வந்தது. அதே காலத்தில் ஜியானெலி நாய்களிலும், கௌவும் கோல்ட்ஹேபரும் குரங்குகளிலும் நாய்களிலும் விசைக்கு உட்பட்ட இணைநாரின் நாளங்களையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டனர்.

நாளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை மின்னணு நுண்ணோக்கியில் காட்டியவர் நார்வேயின் பெர் ரிக். எலியின் கடைவாய்ப் பற்களில் அவர் 1970-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள் ஒரு சிறு நாளத்தின் மரணத்தைப் படிப்படியாக விவரிக்கின்றன. இரத்தச் சிவப்பணுக்கள் நாளத்தினுள் நெருக்கமாகச் செருகிக்கொள்கின்றன, ஓட்டம் நிற்கிறது. அணுக்கள் உடைந்து சிதைகின்றன. நாளச் சுவர் குலைகிறது. சுற்றியுள்ள செல்களின் உட்கருக்கள் சுருங்கி மறைகின்றன. சாண்ட்ஸ்டெட் கண்ணாடி என்று பெயரிட்டதன் உள்விவரம் எழுபது ஆண்டுகளுக்குப்பின் இவ்வாறு தெரியவந்தது. பின்னர் 1990-களில் ப்ருட்விக்கும் ரிக்கும் மற்றொரு முக்கிய இணைப்பைக் காட்டினர். மடிந்த திசுவை அகற்ற அதன் ஓரங்களிலிருந்து துப்புரவுச் செல்கள் வருகின்றன. அவை மடிந்த திசுவை நீக்கும் இடத்தில்தான் வேரின் மேற்பரப்பும் முதலில் அரிக்கப்படுகிறது. கெச்சம் 1927-இல் எக்ஸ்-கதிர்ப் படத்தில் கண்ட குட்டை வேர்களுக்கும் சாண்ட்ஸ்டெட் நுண்ணோக்கியில் கண்ட கண்ணாடித் திசுவுக்கும் இடையே அறுந்திருந்த இழை இங்கே முடிச்சிடப்பட்டது.

இரத்த ஓட்டத்தையே அளந்து பார்த்தபோது வேறொரு வியப்பு காத்திருந்தது. 1989-இல் நார்வேயைச் சேர்ந்த க்வின்ஸ்லான்ட் குழுவினர் எலிகளின் இரத்தத்தில் ஒளிரும் நுண்கோளங்களைக் கலந்து, அவை எத்தனை எங்கே தங்கின என்று எண்ணினர். நகர்த்தப்பட்ட பல்லைச் சூழ்ந்த திசுவில் இரத்த ஓட்டம் ஒட்டுமொத்தத்தில் குறையவில்லை, கூடியிருந்தது. அடைபட்டது ஒரு சிறு பகுதி. அதைச் சுற்றி நாளங்கள் விரிந்து, அழற்சியின் வழியே இரத்தம் பெருகியிருந்தது. பல்லை நகர்த்துவது இரத்தம் நிற்பதும் அன்று, இரத்தம் தடையின்றி ஓடுவதும் அன்று. நின்ற இடத்துக்கும் பெருகிய இடத்துக்கும் இடையிலான எல்லையில்தான் வேலை நடக்கிறது. அந்த எல்லையின் வேதியியலும் பின்னர் தெளிவாயிற்று. ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் உணரும் வழியைக் கண்டறிந்ததற்காக மூவர் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். அதே வழியில், ஆக்சிஜன் குன்றிய இணைநார்ச் செல்கள் புதிய நாளங்களை வளர்க்கும் குறிப்புகளையும், எலும்பு சிதைக்கும் செல்களை உருவாக்கும் குறிப்புகளையும் வெளியிடுகின்றன. ஆகவே இரத்தத் தடை தவிர்க்க வேண்டிய தீங்கு மட்டும் அன்று. ஓர் அளவுவரை அது பல் நகர்வுக்கான அழைப்பும் ஆகும். தந்துகி அழுத்தத்துக்குக் கீழே விசை இருந்தால் போதும், இரத்தம் தடைபடாது, எலும்பு கரையும் என்ற ஷ்வார்ட்ஸின் எளிய படம் இவ்விடத்தில் போதாமற் போகிறது.

2003-இல் நெதர்லாந்தின் நெய்மேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உகந்த விசை குறித்த இலக்கியம் முழுவதையும் முறைப்படி தொகுத்து ஆராய்ந்தனர். சான்றின் அடிப்படையில் எந்த ஒரு விசை அளவையும் உகந்தது என்று பரிந்துரைக்க இயலாது என்பது அவர்களின் முடிவு. அடுத்த ஆண்டு அதே குழு பீகிள் நாய்களில் மெல்லிய விசையையும் கடும் விசையையும் ஒப்பிட்டபோது, இரண்டிலும் சிறுசிறு ஹயலினப் பகுதிகள் காணப்பட்டன. ரைட்டான் அரை நூற்றாண்டுக்குமுன் சொன்னது மீண்டும் உறுதியாயிற்று.

அப்படியானால் 20 முதல் 26 கிராம் என்பது வெறும் பிழையா? அப்படிச் சொல்லிக் கடந்துவிடுவதும் நேர்மை ஆகாது. எண் தளர்ந்தது; அது சுட்டிய திசை தளரவில்லை. நாளம் அடைபட்டால் செல்கள் வர வழியில்லை. செல்கள் வராவிட்டால் முகப்பில் எலும்பு கரையாது. பின்னாலிருந்து குடைந்து வரும்வரை பல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை நீள்கிறது. இறுக்கினால் விரைவில் முடியும் என்று கோரும் நோயாளிக்கு மருத்துவர் மறுப்புச் சொல்வதற்கும், கம்பியை மாற்றியமைக்க 4 முதல் 6 வார இடைவெளி விடுவதற்கும் அடிப்படை இந்தத் திசுவின் காலக்கணக்கே. 1971-இல் ஆண்ட்ரியாசனும் ஹில்மனும் பற்சீரமைப்பில் அறிமுகப்படுத்திய நிக்கல்-டைட்டேனியம் கம்பி பரவலாக ஏற்கப்பட்டதற்கும், நெடுந்தொலைவுக்கு மென்மையான விசையைத் தொடர்ந்து தரும் அதன் இயல்பு ஒரு முதன்மைக் காரணம். ஷ்வார்ட்ஸ் வலியுறுத்திய எச்சரிக்கை கருவிகளாக மாறி நோயாளியின் வாயில் இருக்கிறது. அவருடைய கணக்கு மட்டும் அந்த எச்சரிக்கையின் சான்றாகக் காட்டப்படுவதற்குத் தகுதியற்றது.

இந்த வரலாற்றில் ஓர் எண் எப்படி நிலைபெறுகிறது என்பதற்கான மூன்று காரணங்களைக் காணலாம். அது ஒரு காரணத்தோடு வந்தது: இரத்தம் என்னும் காரணம் கேட்பவர் மனத்தில் உடனே ஒட்டிக்கொள்ளும். அது குறுகியதாக இருந்தது: ஒரு வரியில் எழுதலாம், ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம். அதை மெய்ப்பிப்பதும் பொய்ப்பிப்பதும் மருத்துவமனையில் இயலாததாக இருந்தது: கம்பியின் விசையைப் பல்லின் முடியில் அளக்கலாம், வேரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் அழுத்தத்தை உயிருள்ள மனிதரில் எவரும் அளக்க முடியாது. சோதிக்க முடியாத எண்ணுக்கு ஆயுள் நீளம்.

பாடநூலிலிருந்து அவ்வெண்ணை நீக்க வேண்டியதில்லை. அதனருகே ஆண்டையும் ஆளையும் எழுதினால் போதும்: 1932, வியன்னா, ஷ்வார்ட்ஸ், நாயின் பல், பாதரச அலகிலிருந்து மாற்றிய கணக்கு. அதன்கீழே ரைட்டானின் மறுப்பையும் 2003-இன் முடிவையும் சேர்க்கலாம். மூன்று வரி கூடும். அதன்பின் மாணவர் அதை விதியாக மனனம் செய்ய மாட்டார். ஒரு காலத்து அறிஞர் தம்மிடம் இருந்த சான்றைக்கொண்டு எட்டிய கருத்தாகப் படிப்பார். நோயாளியின் வாயில் கம்பியை முறுக்கும் கைக்கு அந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. அந்தக் கையின் கீழே, 0.2 மில்லிமீட்டர் இடுக்கில், இரத்தம் இன்னமும் சராசரியைப் பொருட்படுத்தாமல் ஓரிடத்தில் நின்றும் ஓரிடத்தில் பெருகியும் ஓடிக்கொண்டிருக்கிறது.